கூலி கேட்கும் குளிர்

ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாரிஸின் லாச்சப்பல் தெருக்களில் தேங்காய்த் தண்ணீர் வழிந்தோடும். 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் வெளியே வரும் நாள் அது. நாதஸ்வரம், காவடி, கற்பூரச் சட்டி. அவற்றைச் சுற்றி, தலைக்கு மேலே தூக்கிய கைகளில் நூற்றுக்கணக்கான ஃபோன்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கும் டொரொண்டோவில் இருக்கும் தங்கைக்கும் தேர் நேரலையில் போய்க்கொண்டிருக்கும். வெயில் நல்ல வெயிலாக இருந்தால் இருபது நிமிடம் தாங்காது. திரை மங்கும், வீடியோ திக்கும், ‘ஃபோன் சூடாகிவிட்டது, ஆறட்டும்’ என்று ஓர் எச்சரிக்கை எழும். ஐஃபோனைச் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரியைத் தாண்டாத இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். வெயிலில் தூக்கிப் பிடித்த ஃபோனுக்கு அந்த வரம்பு ஒரு பொருட்டே அல்ல.

“அண்ணை, ஃபோன் கொதிக்குது” என்று கடைக்கு வருகிறவர்களுக்குக் காட்ட இப்போது ஒரு பொருள் இருக்கிறது. ரூ லூயி-பிளாங் போன்ற தெருக்களில் பலசரக்குக் கடைக்கும் நகைக் கடைக்கும் நடுவே இருக்கும் ஃபோன் கடைகளில், கவர்களும் சார்ஜர்களும் தொங்கும் சுவரில் அதையும் பார்க்கலாம். வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்காக வந்த சின்னக் கிளிப் அது. ஃபோனின் முதுகில் கவ்வ வைத்து, கேபிளைச் செருகினால், உள்ளங்கை அகலமுள்ள உலோகத் தகடு சில நொடிகளில் ஐஸ் போலச் சில்லிடுகிறது. காஸ் கிடையாது, கம்ப்ரஸர் கிடையாது, கடகட சத்தம் கிடையாது. சின்ன ஃபேன் ஒன்று மட்டும் சுழல்கிறது. அந்த ஃபேன் வெளியே தள்ளும் காற்றில் கையைக் காட்டினால்தான் சங்கதி புரியும். அது சுடுகிறது.

கிளிப்பைப் பிரித்தால் உள்ளே ஒரு வெள்ளைச் சதுரம் கிடைக்கும். பீங்கான் பில்லை போலிருக்கும். சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். சென்னை ரிச்சி தெருவில் இதைக் கேட்டால் ‘பெல்டியர் மாட்யூலா சார்?’ என்று எடுத்துப் போடுவார்கள். பொறியியல் கல்லூரி மாணவர்களின் ‘மினி ஃப்ரிட்ஜ்’ புராஜெக்ட்டுகளில் பாதியாவது இந்தப் பில்லையால் நடப்பவை. பிரெஞ்சுக்காரர்கள் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டு ‘பெல்தியே’ என்கிறார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி. அது ஒரு மனிதரின் பெயர். அவர் வாழ்ந்து இறந்ததும் இதே பாரிஸில்.

கடிகாரக்காரரின் சந்தேகம்

ஷான் ஷார்ல் அத்தனாஸ் பெல்தியே 1785இல் வட பிரான்ஸின் ஆம் என்ற சிற்றூரில் பிறந்தவர். தொழில் கடிகாரம். பல்சக்கரங்களோடு போராடிக்கொண்டிருந்தவருக்கு முப்பது வயதுவாக்கில் மனைவி வழியில் கொஞ்சம் சொத்து வந்தது. கடையை விட்டுவிட்டு விஞ்ஞானத்தில் இறங்கிவிட்டார். பட்டம் கிடையாது, பேராசிரியர் பதவி கிடையாது. நுணுக்கமான கருவிகளைத் தானே செய்துகொள்ளும் கை மட்டும் இருந்தது.

அன்றைய பாரிஸ் வெப்பத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த ஊர். உலோகக் கம்பியில் சூடு எப்படிப் பரவுகிறது என்பதை ஃபூரியே 1822இல் கணிதமாக எழுதினார். நீராவி எந்திரம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்யப்பட்டாலும் ஒரு வரம்புக்கு மேல் வேலை வாங்க முடியாது என்று சாதி கார்னோ 1824இல் ஒரு மெல்லிய புத்தகத்தில் சொன்னார். அதை அப்போது சீந்துவார் இல்லை. கார்னோ 36 வயதில், 1832இல் காலராவில் போய்ச்சேர்ந்தார். இரண்டு ஆண்டு கழித்து, 1834இல், கிளாபெய்ரோன் என்ற ரயில்வே பொறியாளர் அந்தப் புத்தகத்தைத் தூசிதட்டி எடுத்து உலகுக்குக் காட்டினார்.

அதே 1834இல்தான் பெல்தியேயின் கட்டுரையும் வந்தது. பிஸ்மத், ஆன்டிமனி என்ற இரண்டு உலோகங்களை ஒட்டவைத்து மின்சாரம் பாய்ச்சினார். கம்பியில் கரண்ட் போனால் சூடாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால், ஒட்டிய இடத்தில் ஒரு விசித்திரம். கரண்ட் ஒரு பக்கமாகப் போனால் சூடு, மறுபக்கமாகப் போனால் குளிர்ச்சி. மின்சாரம் குளிரவைக்கிறது!

தான் பார்த்தது என்ன என்பது பெல்தியேவுக்கே முழுதாகப் பிடிபடவில்லை. நான்கு ஆண்டு கழித்து, 1838இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் லென்ஸ் என்ற விஞ்ஞானி அந்த ஒட்டுமுனையில் ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்தார். கரண்டைப் பாய்ச்சினார், சொட்டு உறைந்தது. திசையை மாற்றினார், உருகியது. அதற்குமேல் யாரும் வாதம் செய்யவில்லை. பெல்தியே அதற்குள் இடி, மின்னல், சுழல்காற்று என்று வானத்தைப் பார்க்கப் போய்விட்டிருந்தார். 1845இல் பாரிஸில் இறந்தார்.

ஐஃபெல் கோபுரத்தைச் சுற்றி பிரான்ஸின் விஞ்ஞானிகள், பொறியாளர்கள் 72 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஃபூரியே இருக்கிறார், கிளாபெய்ரோன் இருக்கிறார். லாச்சப்பல் தமிழர்கள் தினமும் உச்சரிக்கும் இரண்டு பெயர்களும் அங்கே உண்டு: கை, பெர்தோனே. மளிகைக்கும் மரக்கறிக்கும் போகிற ரூ கை ஒரு ரயில் எஞ்சின் முதலாளியின் பெயர். ரூ பெர்தோனே ஒரு ரயில்வே பொறியாளரின் பெயர். பெல்தியே மட்டும் அந்தக் கோபுரத்தில் இல்லை. ஃபோன் கடைச் சுவரில் தொங்கும் அட்டைப் பெட்டிகளில் இருக்கிறார்.

பில்லைக்குள் என்ன நடக்கிறது?

கண்டுபிடித்து நூற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் அது ஒரு வேடிக்கைப் பொருளாகவே கிடந்தது. காரணம் உலோகம். கரண்டை நன்றாகக் கடத்துகிற உலோகம் வெப்பத்தையும் நன்றாகவே கடத்தும். ஒரு பக்கம் குளிரவைத்தால், மறுபக்கத்துச் சூடு அதே கம்பி வழியாக ஓடிவந்து குளிரைத் தின்றுவிடும். மின்சாரத்துக்குக் கதவைத் திறந்து வெப்பத்துக்கு மூடுகிற ஒரு பொருள் வேண்டியிருந்தது. அது குறைக்கடத்திகளில் கிடைத்தது. லெனின்கிராடில் அப்ராம் இயாஃபே அந்தப் பாதையைக் காட்டினார். 1954இல் இங்கிலாந்தில் ஜூலியன் கோல்ட்ஸ்மிட், டக்ளஸ் இருவரும் பிஸ்மத் டெல்லூரைடு என்ற சேர்மத்தைக் கொண்டு, உருப்படியாகச் சொல்லும்படியான குளிர்ச்சியைக் கொண்டுவந்தார்கள். எழுபது ஆண்டு ஆகியும் அதே சேர்மம்தான். டெல்லூரியம் பூமியின் மேலோட்டில் தங்கத்தைப் போலவே அரிதான தனிமம். செம்பு சுத்திகரிப்பின் கழிவில் பொறுக்கியெடுக்கிறார்கள்.

கடையில் கிடைக்கும் சாதாரணப் பில்லையின் முதுகில் ‘டிஇசி1-12706’ என்று எழுதியிருக்கும். கடைசி ஐந்து எண்களில் விவரம் இருக்கிறது: 127 ஜோடிகள், 6 ஆம்பியர். நாலு சென்டிமீட்டர் நீளம், நாலு சென்டிமீட்டர் அகலம். இரண்டு பீங்கான் தகடுகளுக்கு நடுவே 254 சின்னத் தூண்கள். எலெக்ட்ரான் மிகுந்த தூண் ஒன்று, எலெக்ட்ரான் குறைந்த தூண் ஒன்று என மாறி மாறி. கரண்ட் எல்லாத் தூண்களிலும் மேலும் கீழுமாக ஏறி இறங்கிப் போகும். ஆனால், அது தூக்கிச் செல்லும் வெப்பம் மட்டும் எல்லாத் தூண்களிலும் ஒரே திசையில், கீழ்த் தகட்டிலிருந்து மேல் தகட்டுக்கு நகரும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பில்லை வெப்பத்தை அழிப்பதில்லை. ரயில் நிலையத்து போர்ட்டர் போல, இந்தப் பிளாட்பாரத்திலிருந்து அந்தப் பிளாட்பாரத்துக்குச் சுமந்துகொண்டுபோய் இறக்குகிறது. சும்மா சுமக்காது, கூலி உண்டு. மின்சாரமாகக் கொடுக்கும் அந்தக் கூலியும் கடைசியில் வெப்பமாகவே மாறி, மேல் தகட்டில் சுமையோடு சேர்ந்து இறங்குகிறது. கீழே 50 வாட் சூட்டை எடுக்க 50 வாட் மின்சாரம் தின்றால், மேலே இறங்குவது 100 வாட்.

இரண்டு திருட்டு வேறு நடக்கிறது. கரண்ட் பாயும்போது தூண்களே சூடாகின்றன. அதில் பாதி குளிர்ந்த பக்கத்துக்கே திரும்பி வருகிறது. சூடான தகட்டிலிருந்து குளிர்ந்த தகட்டுக்குத் தூண்கள் வழியாகக் கசிவும் உண்டு. கரண்டை இரட்டிப்பாக்கினால் சுமக்கும் வெப்பம் இரட்டிப்பாகும். தூண்களின் சொந்தச் சூடோ நான்கு மடங்காகும். ஆகவே, ஒரு கட்டத்துக்கு மேல் கரண்டைக் கூட்டக் கூட்டப் பில்லை குளிர்வதற்குப் பதில் சூடேறும். முதன்முதலில் பில்லை வாங்கிவந்து, பேட்டரியை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்க்கும் மாணவர்கள் எல்லோரும் இதைக் கண்டு விழிப்பார்கள். வீட்டு ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர், கார்னோ வகுத்த வரம்பில் கிட்டத்தட்ட பாதியை எட்டுகிறது. பில்லை எட்டுவது பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான்.

ரூ மோங்கலே நாட்கள்

பிறகு எதற்காக இந்தப் பில்லையைக் கொண்டுபோய் கம்ப்யூட்டருக்குள் வைத்தார்கள்?

ஆசைதான். பிராசஸர் குளிர்ச்சியாக இருந்தால் அதை நிறுவனம் சொன்ன வேகத்துக்கு மேல் விரட்டலாம். ‘ஓவர்கிளாக்கிங்’ என்று அதற்குப் பெயர். ஃபேனும் ஹீட் சிங்க்கும் எவ்வளவு பெரிதானாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே பிராசஸரைக் கொண்டுபோக முடியாது. பில்லையால் முடியும். 1990களின் 486 பிராசஸர்கள் சில வாட் சூட்டையே கக்கின. அவற்றின் தலையில் பில்லை வைத்த கூலர்கள் அப்போதே விற்பனைக்கு வந்துவிட்டன. 2001இல் ஏஎம்டியின் 1.4 கிகாஹெர்ட்ஸ் அத்லான் 72 வாட் கக்கியது. ஒற்றைப் பில்லைக்கு அது தாங்காத சுமை. ஓவர்கிளாக்கிங் பைத்தியங்கள் 172 வாட், 226 வாட் என்று பெரிய பில்லைகளைத் தேடிப் பிடித்தார்கள். அந்தப் பில்லையின் சூட்டை எடுக்க இன்னொரு பக்கம் தண்ணீர் பம்ப் வைத்தார்கள். பில்லைக்கென்றே தனி பவர் சப்ளை வாங்கினார்கள்.

அந்தக் காலத்தில் பாரிஸில் கம்ப்யூட்டர் பாகம் என்றால் பன்னிரண்டாவது வட்டாரத்து ரூ மோங்கலேதான். சீனக் குடும்பங்களின் சின்னச் சின்னக் கடைகள் வரிசையாக. ஒவ்வொரு கடை வாசலிலும் அன்றைய விலைப்பட்டியல். ஒரு கடையில் மதர்போர்டு, அடுத்த கடையில் ரேம், மூன்றாவதில் பேரம். நம் ரிச்சி தெருவைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தது போல. ஆன்லைன் வியாபாரம் வந்தபின் அந்தத் தெரு மெலிந்துவிட்டது.

அந்த ஆர்வலர்கள் முதலில் தோற்றது சூட்டிடம் அல்ல, தண்ணீரிடம். குளிர்ந்த சொம்பின் வெளிப்புறத்தில் முத்து முத்தாக நீர் கோப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பிராசஸரும் சொம்புதான். காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை ஒன்று உண்டு; எந்தப் பரப்பும் அதற்குக் கீழே குளிர்ந்தால் வியர்க்கும். பாரிஸின் சாதாரணக் கோடை நாளில் அது பதினான்கு, பதினைந்து டிகிரி. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ புழுக்கமான நாளில் இருபத்தைந்தைத் தொடும். அதாவது, பாரிஸில் தப்பிக்கும் பில்லை நம் ஊரில் மதர்போர்டின் மேல் சொட்டச் சொட்ட அழும். சாக்கெட்டைச் சுற்றி வாஸலின் பூசினார்கள், நகச்சாயம் அடித்தார்கள், ரப்பர் நுரையால் சுற்றிக் கட்டினார்கள். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய பிராசஸரின் மேல் நகச்சாயம் அடிக்கும் மனநிலை எத்தகையது என்பதை அனுபவித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பெரிய நிறுவனங்களும் ஆசையை விடவில்லை. தெர்மால்டேக் ‘சப்ஸீரோ 4ஜி’யைக் கொண்டுவந்தது. கனடாவின் கூல்ஐடி, பில்லைகளையும் தண்ணீரையும் சேர்த்து ‘ஃப்ரீஸோன்’ செய்தது. கூலர் மாஸ்டர் 2009இல் ‘வி10’ என்ற ராட்சசனை இறக்கியது: பத்து வெப்பக் குழாய்கள், 70 வாட் பில்லை, ஒரு கிலோவுக்கு மேல் எடை. மதர்போர்டு அதைச் சுமந்ததே ஒரு சாதனை. எதுவும் நிலைக்கவில்லை.

இன்டெல் போட்ட கணக்கு

கடைசியாகவும் கௌரவமாகவும் முயன்றது இன்டெல். 2020 நவம்பரில் ‘கிரையோ கூலிங்’ என்ற ஏற்பாட்டை அறிவித்தது. கூலர் மாஸ்டரும் ஸ்லோவேனியாவின் ஈகே நிறுவனமும் அதை வைத்துத் தண்ணீர்க் கூலர்கள் செய்தன. முதலில் பத்தாம் தலைமுறை இன்டெல் பிராசஸர்களுக்கு மட்டும். இம்முறை நகச்சாயம் கிடையாது. ஈரத்தை அளக்கும் சென்சார் வைத்து, மென்பொருள் ஒன்று நொடிக்கு நொடி பார்த்து, வியர்க்கும் எல்லைக்குச் சற்று மேலேயே பில்லையை நிறுத்தியது. கம்ப்யூட்டர் சும்மா இருந்தால் பில்லையும் ஓய்வெடுக்கும். இருபது ஆண்டுகளாக ஆர்வலர்கள் கையால் செய்ததை ஒழுங்காகச் செய்த வேலை அது.

இருந்தும் கணக்கு இடித்தது. அந்தக் கூலர் பொருத்தப்பட்ட கோர் ஐ9-10900கே என்ற பிராசஸரின் அடிப்படைச் சூடு 125 வாட். முழு வேகத்தில் கொஞ்ச நேரத்துக்கு 250 வாட் வரை போகும். பில்லைக்குக் கொடுக்க முடிந்ததோ சுமார் 200 வாட் மின்சாரம். லேசான வேலை நடக்கும்போது பிராசஸர் அறையைவிடக் குளிர்ந்து ஜம்மென்று ஓடும். எல்லாக் கோர்களும் ஒருசேர உழைக்கத் தொடங்கினால் பில்லை மூச்சுத்திணறும். அப்போது சாதாரணத் தண்ணீர்க் கூலரே அதைவிட நன்றாக வேலை செய்யும்.

ஏன் என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். முழு வேகத்தில் ஓடும் பிராசஸரின் சூடு 80, 90 டிகிரி. அறையோ 25. அவ்வளவு பெரிய சரிவில் வெப்பம் தானாகவே கீழே ஓடிவரும். வழியை மட்டும் திறந்துவிட்டால் போதும். செம்புத் தகடும் தண்ணீரும் செய்வது அதைத்தான். அந்த இடத்தில் பில்லையை வைப்பது, வாய்க்காலில் தானாக ஓடும் தண்ணீருக்கு ஏற்றம் கட்டி இறைப்பது போல. ஏற்றத்துக்கு ஆள், ஆளுக்குக் கூலி, கூலியும் சேர்ந்து ரேடியேட்டரில் இறங்க, ரேடியேட்டர் இன்னும் சூடேறும். கரண்ட் நின்றுபோனால் கதை இன்னும் மோசம். ஏறத்தாழ நாலு மில்லிமீட்டர் தடிமனில் பிராசஸருக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சுவராகப் பில்லை நின்றுவிடும்.

2023 ஜூலையில் இன்டெல் இந்தத் தொழில்நுட்பத்தைக் கைவிட்டது. அந்த ஆண்டு முடிவோடு மென்பொருள் ஆதரவும் நின்றது. அதற்குப் பின் வந்த தலைமுறைப் பிராசஸர் வாங்கியவர்களுக்கு அந்தக் கூலர், மேசைமேல் வைக்கும் காட்சிப்பொருள்.

அப்படியானால் லாச்சப்பல் கடையில் தொங்கும் கிளிப் ஏமாற்று வேலையா? இல்லை. அங்கே கணக்கு வேறு. ஃபோனின் சிப் கக்குவது சில வாட்தான். உள்ளே ஃபேன் இல்லை. ஃபோனின் உடம்பைத் தவிர சூடு வெளியேற வழியும் இல்லை. கிளிப்புக்கு வரும் கரண்ட் பவர் பேங்கிலிருந்து, கேட்பாரில்லாமல். அதாவது சுமை சின்னது, கூலி தாராளம். இந்த இடத்தில் பில்லை நன்றாகவே உழைக்கிறது. ஈரமான ஊரில் ஃபோனுக்குள் நீர் கோக்குமே என்ற பயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

சுமை சின்னதாகவும் துல்லியம் பெரிதாகவும் இருக்கும் இடங்களில் பில்லை எப்போதோ வென்றுவிட்டது. நாடு விட்டு நாடு பேசும்போது குரலைக் கண்ணாடி இழையில் சுமந்துபோகும் லேசர், ஒரு டிகிரி சூடேறினாலும் நிறம் சற்று நகர்ந்துவிடும். பக்கத்து லேசரின் வழியில் போய் மோதும். அதை அசையாமல் பிடித்துவைப்பது ஒரு குட்டிப் பில்லை. கொரோனா காலத்தில் உலகமே மூக்கைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த பிசிஆர் சோதனை எந்திரம், மாதிரியை 95 டிகிரிக்கு ஏற்றி, 60க்கு இறக்கி, மறுபடி ஏற்றி நாற்பது முறை குதிக்கும். கரண்டின் திசையைத் திருப்பினால் சூடு குளிராகும் என்று 1838இல் லென்ஸ் ஒரு சொட்டுத் தண்ணீரில் காட்டியது, அந்த எந்திரத்தில் நாள்முழுதும் நடக்கிறது.

மணலளவு குளிர்

பிராசஸர் கதையும் முடிந்துவிடவில்லை. அதன் அடுத்த அத்தியாயத்தில் ஐஐடி மெட்ராஸில் படித்த ஒருவர் வருகிறார். ராமா வெங்கடசுப்பிரமணியன் அங்கே மின்பொறியியல் முடித்து, அமெரிக்காவின் ரென்சிலர் கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்று, வட கரோலினாவின் ஆர்டிஐ ஆய்வு நிலையத்தில் சேர்ந்தவர். அவரும் கூட்டாளிகளும் பிஸ்மத் டெல்லூரைடையும் ஆன்டிமனி டெல்லூரைடையும் நானோமீட்டர் தடிமனில் அடுக்கடுக்காக வளர்த்தார்கள். எலெக்ட்ரான்கள் அந்த அடுக்குகளைத் தாண்டிப் போகும். வெப்பத்தைச் சுமக்கும் அணு அதிர்வுகள் முட்டிமோதித் திரும்பும். மின்சாரத்துக்குத் திறந்து வெப்பத்துக்கு மூடுகிற அந்தப் பழைய கதவை இன்னும் இறுக்கினார்கள். 2001 அக்டோபரில் ‘நேச்சர்’ இதழில் வந்த அவர்களின் கட்டுரை இத்துறையை உலுக்கியது. இத்துறையில் பொருளின் தரத்தை ஓர் எண்ணால் அளப்பார்கள். வெகுகாலமாக அது ஒன்றையே சுற்றிக்கொண்டிருந்தது. அவர்கள் சொன்ன எண் 2.4.

2009இல் இன்டெல் ஆய்வாளர்களும் அவர்களும் சேர்ந்து வேறொரு கேள்வியைக் கேட்டார்கள். முழுப் பிராசஸரையும் எதற்குக் குளிரவைக்க வேண்டும்? சிப் எங்கும் ஒரேபோலச் சூடாவதில்லை. தோசைக்கல்லில் நடு மட்டும் கொதிப்பது போல, ஓரிரு புள்ளிகளில்தான் தீப்பற்றுகிறது. அந்தப் புள்ளியின் மேல் மட்டும் மெல்லிய படலமாகப் பில்லையை ஒட்டினார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 1,300 வாட் என்ற அளவில் சூடு பொங்கிய இடத்தில் ஏறத்தாழ 15 டிகிரி குறைந்தது. மீதிச் சிப்பைப் பழைய ஹீட் சிங்க் பார்த்துக்கொண்டது. வாய்க்கால் தானாக ஓடும் இடத்தில் ஓடட்டும், தேங்கும் ஒரு மூலைக்கு மட்டும் ஏற்றம் போடுவோம் என்ற யோசனை. பெரிய பில்லையோடு கட்டிப்புரண்ட இருபது ஆண்டுகளில் யாருக்கும் இது தோன்றவில்லை என்பதல்ல. தோன்றினாலும் அவ்வளவு மெல்லிய பில்லை அதுவரை இல்லை.

ஆய்வுக்கூடத்திலிருந்து கடைக்கு அது இன்னும் வரவில்லை. சிப் தொழிற்சாலையில் இன்னொரு பொருளை, அதுவும் டெல்லூரியத்தை, உள்ளே விடுவது சாமானியக் காரியம் அல்ல. வெங்கடசுப்பிரமணியன் இப்போது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறார். 2025 மே மாதம் சாம்சங்கோடு சேர்ந்து அவருடைய குழு வெளியிட்ட ஆய்வு, அறை வெப்பநிலையில் பழைய பில்லைப் பொருளைவிடக் கிட்டத்தட்ட இருமடங்கு திறனைக் காட்டியது. ஓர் அலகுக்கு வேண்டிய பொருள் மணல் துளி அளவு. அவர்கள் குறிவைத்தது முதலில் ஃப்ரிட்ஜை. கம்ப்ரஸருக்குத் துணையாகப் பில்லை வைத்த ஃப்ரிட்ஜை சாம்சங் 2024லேயே சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. பிராசஸர் தன் முறைக்காக வரிசையில் நிற்கிறது.

அதற்குள் பாரிஸ் வேறொரு வழியில் யோசிக்கத் தொடங்கிவிட்டது. சூட்டை எங்கேயாவது இறக்கித்தானே ஆக வேண்டும்? வேண்டிய இடத்தில் இறக்கினால் என்ன? 2010இல் தொடங்கிய ‘கார்னோ’ என்ற நிறுவனம் பிராசஸர்களை வீட்டு ஹீட்டருக்குள்ளேயே வைத்தது. குளிர்காலத்தில் யாரோ ஒருவருடைய கணக்கு ஓடும் சூட்டில் இன்னொருவர் குளிர்காய்வார். அந்த நிறுவனத்தின் பெயர் கார்னோவின் பெயரேதான். முதல் எழுத்தை மட்டும், இயற்பியலில் வெப்பத்தைக் குறிக்கும் ‘க்யூ’வாக மாற்றிக்கொண்டார்கள். பதின்மூன்றாவது வட்டாரத்து பூத்-ஓ-கை நீச்சல் குளத்தின் அடித்தளத்தில் 2017இல் வேறொரு நிறுவனம் சர்வர்களை வைத்துத் தண்ணீரைச் சூடாக்கியது. லாச்சப்பலிலிருந்து வடக்கே, கொஞ்ச தூரத்தில் சாந்-தெனி. 2024 ஒலிம்பிக்ஸுக்காக அங்கே கட்டிய நீச்சல் மையத்துக்கு வெப்பம் கொடுப்பவற்றில், அருகிலுள்ள எக்வினிக்ஸ் டேட்டா சென்டரும் ஒன்று. நேரலையில் போகும் தேர் வீடியோக்கள் வந்து தங்குவதும் இதுபோன்ற கட்டடங்களில்தான்.

ஆனால், பாரிஸில் சூடு வேண்டாத நாட்களும் கூடிக்கொண்டே போகின்றன. 2019 ஜூலை 25 அன்று நகரின் வெப்பமானி 42.6 டிகிரியைக் காட்டியது. லாச்சப்பலின் பழைய கட்டடங்கள் பலவற்றில் ஏசி கிடையாது. துத்தநாகக் கூரைக்கு அடியில் இருக்கும் மாடி அறைகள் அடுப்புதான். அப்படியொரு நாளில் ஃபோனுக்குக் குளிர் கொடுக்கும் கிளிப், தன் சூட்டையும் சேர்த்து அந்த அறைக்குள்ளேயே ஊதுகிறது.

தேரன்று அது தெருவில் ஊதும். வடம் இழுப்பவர்களின் அரோகரா, உடையும் தேங்காய்களின் சத்தம், இரண்டுக்கும் நடுவே உயர்த்திப் பிடித்த ஃபோனின் முதுகில் கிளிப் சில்லென்று ஒட்டியிருக்கும். டொரொண்டோவில் படம் தடையில்லாமல் ஓடும். அதன் ஃபேன் காற்று, கற்பூரத் தட்டோடு பின்னால் நிற்கும் மாமியின் முகத்தில் நேராக அடிக்கும். “தம்பி, அதை அங்கால திருப்பு” என்பார்.